பழைய தாய்ப்பலகையைச் சோதித்தல்

மாட்டுச் சந்தையில் காளை வாங்கப் போகிற குடியானவர் எடுத்த எடுப்பிலேயே விலை பேசுவதில்லை. முதலில் அதைச் சுற்றி வந்து பார்க்கிறார். பிறகு பல்லைப் பிடித்துப் பார்த்து வயதை அறிகிறார். இறுதியில் வண்டியில் பூட்டி ஓட்டிப் பார்க்கிறார். கண்ணால் பார்த்தல், அளந்து அறிதல், ஓட்டிப் பார்த்தல் என்னும் இம்மூன்று முறைகளும், ஒருவர் பயன்படுத்தி ஒதுக்கிய கணிப்பொறியின் தாய்ப்பலகைக்கும் அப்படியே பொருந்தும். அவற்றைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

மதர்போர்டு என்று கடைகளில் வழங்குவதே தாய்ப்பலகை. கணக்கிடும் மூளையாகிய பிராசஸர், ராம் எனப்படும் நினைவகப் பட்டை, தகவலைச் சேமிக்கும் வட்டு ஆகிய யாவும் இதனோடு இணைந்தே வேலை செய்கின்றன. கண்ணாடி இழையும் பிசினும் சேர்த்துச் செய்த இப்பலகைக்குள் மெல்லிய செப்புக் கோடுகள் பல அடுக்குகளாக ஓடுகின்றன.

பழைய பலகையைச் சோதிப்பதற்கு இத்தனை அக்கறை எதற்கு என்று கேட்கலாம். 2022-ஆம் ஆண்டில் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6 கோடியே 20 லட்சம் டன் என்றும், அதில் 22.3 சதவீதமே முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகக் கணக்கில் உள்ளதென்றும் ஐக்கிய நாடுகளின் 2024-ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. சீன நாட்டின் குய்யு என்னும் ஊரில் இத்தகைய பலகைகளை அடுப்பில் வாட்டியும் அமிலத்தில் தோய்த்தும் உலோகம் பிரிக்கும் தொழில் பல்லாண்டுகள் நடந்தது. அங்கிருந்த குழந்தைகளின் இரத்தத்தில் ஈயம் மிகுந்திருந்ததை மருத்துவ ஆய்வாளர்கள் கண்டறிந்து 2007-இல் வெளியிட்டனர். ஆதலின், ஒரு பலகையைப் பார்த்து, 'இது செத்துவிட்டது' என்று நாம் சொல்வது சிறிய சொல்லன்று. உயிருள்ள பலகையைச் செத்தது என்றால், குப்பை மேட்டுக்கு ஒன்றைக் கூட்டுகிறோம். செத்ததை உயிருள்ளது என்றால், அதை நம்பி வாங்கும் ஏழை மாணவனை ஏமாற்றுகிறோம்.

முதலில் கண்ணால் பார்ப்போம். பலகையைத் தொடுமுன் ஓர் எச்சரிக்கை. நம் உடலில் ஏறும் நிலைமின்சாரம் சுமார் 3,000 வோல்ட்டை எட்டும் வரையில் நம் விரலுக்குத் தெரிவதில்லை. ஆனால் 100 வோல்ட்டுக்கும் குறைவான தாக்குதலே சில நுண்சில்லுகளைக் கெடுத்துவிடும். ஆகவே, நிலத்தோடு இணைந்த மணிக்கட்டுப் பட்டையை அணிந்துகொண்டு, பலகையை அதன் ஓரங்களில் பிடித்துத் தூக்க வேண்டும்.

தூசியை மென்மையான தூரிகையால் துடைத்துவிட்டு, நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். பிராசஸரைச் சுற்றிலும் சிறு உருளைகள் நிற்கும். அவை மின்தேக்கிகள். அவற்றின் தலை தட்டையாக இருக்க வேண்டும். தலை உப்பியிருந்தாலும், பழுப்பு நிறக் கசிவு தெரிந்தாலும் அந்த மின்தேக்கி கெட்டது. ஏறத்தாழ 1999 முதல் 2007 வரை செய்யப்பட்ட பலகைகள் பலவற்றில் இக்குறை ஒரு தொற்றுநோய் போலப் பரவியிருந்தது. மின்தேக்கிக்குள் இருந்த நீர் கலந்த கரைசல் சரியான சேர்மானமின்றிப் போனதால், அது உள்ளிருந்த அலுமினியத்தை அரித்து, ஹைட்ரஜன் வாயுவை உண்டாக்கிற்று. வாயு தலையைத் தூக்கிற்று. உருளையின் உச்சியில் காணும் கீறல்கள் அழகுக்காக அமைந்தவை அல்ல. அழுத்தம் மிகும்போது வெடிக்காமல் மெல்லத் திறந்துகொள்வதற்காகவே அமைந்தவை. இக்குறை கண்ட பலகையைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. அதே கொள்ளளவும், அதே அல்லது கூடுதலான வோல்ட் தாங்கும் திறனும் உள்ள புதிய மின்தேக்கிகளை, நேர்முனையும் எதிர்முனையும் மாறாமல் பற்றவைத்தால் பெரும்பாலும் பலகை பிழைத்துக்கொள்ளும்.

அடுத்து, பிராசஸர் அமரும் இடத்தைப் பாருங்கள். 2004-இல் வந்த எல்.ஜி.ஏ. 775 வகையில், 775 நுண்ணிய ஊசிகள் பலகையிலேயே உள்ளன. பின்னர் வந்த பல வகைகளும் இவ்வாறே அமைந்தவை. உருப்பெருக்கிக் கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்து, வரிசையாய் நிற்கும் ஊசிகளில் ஒன்றேனும் வளைந்துள்ளதா என்று காண வேண்டும். கருகிய தடம், பச்சைக் களிம்பு, ஆழ்ந்த கீறல் ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, அளந்து அறிதல். நாணயம் போன்ற வட்ட மின்கலம் ஒன்று பலகையில் இருக்கும். அதன் அளவு 3 வோல்ட். மல்டிமீட்டரில் அது 2.7 வோல்ட்டுக்குக் கீழே காட்டுமாயின் மாற்றிவிடுதல் நலம். நாள்தோறும் தேதியை மறந்துபோகும் கணிப்பொறிக்குப் பெரும்பாலும் நோய் இந்தச் சிறு மின்கலத்தில்தான். இதை அறியாமல் முழுப் பலகையையும் கழித்தவர்கள் உண்டு.

பிறகு, மின்கலத்தைக் கழற்றி, மின்சாரம் எதுவும் இல்லாத நிலையில், 12 வோல்ட் முனைக்கும் தரை முனைக்கும் இடையே மின்தடையை அளக்க வேண்டும். அது ஏறக்குறைய சுழி என்றால் உள்ளே குறுக்குச்சுற்று நேர்ந்திருக்கிறது. அப்பலகைக்கு மின்சாரம் கொடுக்கலாகாது. ஆனால், பிராசஸருக்குச் செல்லும் தாழ்ந்த வோல்ட் பாதையில் தடை இயல்பாகவே மிகக் குறைவாக இருக்கும். அதைக் கண்டு புதிதாய்க் கற்போர் மயங்கக் கூடாது.

மூன்றாவது, ஓட்டிப் பார்த்தல். பலகையை உலர்ந்த மரப்பலகை மீதோ அட்டை மீதோ வைத்து, நல்லதென்று முன்பே அறிந்த மின்வழங்கியை இணைக்க வேண்டும். மஞ்சள் கம்பியில் 12, சிவப்பில் 5, ஆரஞ்சில் 3.3 வோல்ட் வர வேண்டும். இவற்றில் ஐந்து சதவீத ஏற்றத்தாழ்வு பொறுக்கத்தக்கது. அதாவது, 12 வோல்ட் என்பது 11.4-க்கும் 12.6-க்கும் இடையில் நிற்க வேண்டும். பிராசஸர், அதன் வெப்பம் போக்கும் விசிறி, ஒரே ஒரு நினைவகப் பட்டை, சிறிய ஒலிபெருக்கி ஆகியவற்றை மட்டும் பொருத்தி இயக்குங்கள்.

திரையில் ஒன்றும் தோன்றவில்லையா? உடனே கைவிட வேண்டாம். மின்சாரத்தை நிறுத்தி, நினைவகப் பட்டையைக் கழற்றிவிட்டு மீண்டும் இயக்குங்கள். ஒலிபெருக்கி விட்டுவிட்டு ஒலித்தால், 'எனக்கு நினைவகம் இல்லை' என்று பலகை முறையிடுகிறது என்பது பொருள். முறையிடுவதற்கே பிராசஸரும், தொடக்க ஆணைகளைத் தாங்கிய பயாஸ் சில்லும் உயிரோடிருக்க வேண்டும் அல்லவா? நோய் அப்போது பட்டையிலோ அதைச் செருகும் இடத்திலோ இருக்கக்கூடும். பட்டையை மாற்றியும், இடத்தை மாற்றியும் பார்த்தால் உண்மை விளங்கிவிடும்.

திரை ஒளிர்ந்துவிட்டதென்று மகிழ்ந்து நிறுத்திவிடுவதும் தவறே. ஒவ்வொரு செருகிடத்தையும் இணைப்பு வாயிலையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். நினைவகத்தைச் சோதிக்கும் மென்பொருளைப் பல மணி நேரம் ஓடவிட வேண்டும். சில குறைகள் பலகை சூடேறிய பின்னரே தலைகாட்டும். அதன் பின்னரே, 'நலம்', 'பழுது பார்க்கத்தக்கது', 'மறுசுழற்சிக்குரியது' என்னும் மூன்றில் ஒரு சீட்டை ஒட்டி, கண்ட குறைகளையும் எழுதி வைக்கலாம்.

மூன்றாம் சீட்டுப் பெற்ற பலகையும் வீணன்று. ஒரு டன் தங்கத் தாதுவில் சில கிராம் தங்கமே கிடைக்கும். ஒரு டன் தாய்ப்பலகைகளிலோ நூறு கிராமுக்கும் மேல் உண்டு. ஆயினும் அதை வீட்டு முற்றத்தில் எடுக்க முனைவது பேதைமை. பழைய பற்றாசில் 37 சதவீதம் ஈயம். பலகையை எரித்தால் டையாக்சின் என்னும் கொடிய நஞ்சு பிறக்கும். 2023 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த இந்திய மின்கழிவு விதிகளின்படி, பதிவு பெற்ற நிறுவனத்திடம் ஒப்படைப்பதே முறை.

பள்ளிக்கூடத்திற்குப் பழைய கணிப்பொறிகளை நன்கொடையாக அளிப்போர் பெருகி வருகின்றனர். நன்று. ஆனால், சோதிக்காமல் கொடுப்பது கொடையாகாது. நம் வீட்டுக் கழிவைப் பிறர் வீட்டுக்கு மாற்றுவதேயாகும். ஒரு மாலைப் பொழுதும் ஒரு மல்டிமீட்டரும் சிறிது பொறுமையும் இருந்தால் அந்தப் பிழையைத் தவிர்த்துவிடலாம். மாணவர்கள் இப்பயிற்சியைத் தக்க ஆசிரியர் துணையோடு தொடங்குவார்களாக.