நூல் வேட்கையும் தாயன்பும்

இறந்துபோன ஒருவர் வேறோர் உலகில் மீண்டும் பிறப்பதாக அமைந்த கதைகள் ஜப்பான் நாட்டில் இன்று ஏராளம். இளைஞர் எளிதில் படிப்பதற்கென ஓவியங்களோடு வரும் இத்தகைய சிறு நூல்களை 'லைட் நாவல்' என்கின்றனர். அவற்றுள் பெயர்பெற்றவை 'மங்கா' எனும் சித்திரக்கதைகளாகவும் மறுவடிவம் பெறுகின்றன. மறுபிறவி என்றதும் நம் பெற்றோர் சிலர் முகம் சுளிக்கக்கூடும். ஆயினும் இவ்வகையுள் ஒன்றைச் சற்றே நின்று நோக்குவோம்.

மியா கசுக்கி என்னும் எழுத்தாளர் 2013 முதல் 2017 வரை இணையத்தில் தொடராக எழுதிய கதை 'ஹொன்சுகி நோ கெக்கொகுஜோ'. 'நூலை நேசிப்பவளின் எழுச்சி' என அதற்குப் பொருள் கொள்ளலாம். 2015-இல் நூல்வடிவம் பெறத் தொடங்கிய மூலக்கதை, 2023-இல் 33 தொகுதிகளுடன் நிறைவுற்றது. யூ ஷீனா அதற்கு ஓவியங்கள் தீட்டினார். முதலிரு பாகங்களைச் சுசுக்கா என்பவர் மங்காவாக வரைந்தார்.

உரானோ என்ற மங்கைக்கு நூல்களே உலகம். நூலகப் பணியில் சேரவிருந்த வேளையில், நிலநடுக்கத்தில் சரிந்த நூல்களின் அடியில் சிக்கி உயிர்துறக்கிறாள். கண்விழிக்கும்போதோ, மைன் என்ற ஐந்து வயது நோயாளிச் சிறுமியின் உடலில் இருக்கிறாள். தந்தை நகர வாயிலைக் காக்கும் படைவீரர். தாய் சாயப்பட்டறைத் தொழிலாளி. அவ்வுலகில் நூல் என்பது பதப்படுத்திய தோலில் கையால் எழுதப்படுவது, உயர்குடியினர்க்கே எட்டுவது.

வாங்க இயலாத நூலைத் தானே செய்துவிடத் துணிகிறாள் சிறுமி. புல்லிழைகளைப் பின்னிப் பார்க்கிறாள், பலிக்கவில்லை. களிமண் பலகைகள் அடுப்பில் வெடித்துச் சிதறுகின்றன. எழுதுவதற்கென வைத்திருந்த மரச்சீவல்களைத் தாய் விறகென எண்ணி எரித்துவிடுகிறாள். இறுதியில் லுட்ஸ் என்ற சிறுவன் துணைநிற்கிறான். இருவரும் மரக்கிளைகளை ஆவியில் வேகவைத்து, பட்டை உரித்து, சாம்பலிட்டுக் கொதிக்கவைத்து, நார் நாராக அடித்து, சட்டத்தில் அள்ளி உலர்த்திக் காகிதம் ஆக்குகின்றனர். ஜப்பானியர் பன்னூறு ஆண்டுகளாகக் கைக்காகிதம் செய்துவரும் முறையை ஒட்டியதே இது. ஒரு தாளுக்குப் பின்னே எத்துணை உழைப்பு உண்டென்பதை மங்காவின் பக்கங்களில் பிள்ளைகள் கண்ணாரக் காணலாம்.

எனினும் இக்கதையின் உயிர்நாடி காகிதம் அன்று. மைன் தன் பழைய தோழி அல்லள் என லுட்ஸ் ஒருநாள் உணர்ந்துகொள்கிறான். உண்மையை அவள் மறைக்கவில்லை. தான் மறைந்துவிட வேண்டுமா என்று அவனையே கேட்கிறாள். தன்னோடு இத்தனை நாள் உழைத்தவளையே தன் மைனாக அவன் ஏற்றுக்கொள்கிறான்.

பின்னொரு கட்டத்தில், ஆலயத்தின் உயர்குரு ஒருவர் மந்திரக் கருவியால் அவளுடைய பழைய நினைவுகளை ஆராய்கிறார். அந்நினைவுகளினூடே முற்பிறவியின் தாயை மைன் மீண்டும் காண்கிறாள். நூலிலிருந்து தலைநிமிராத மகளுக்கு அத்தாய் அன்றாடம் செய்த பணிவிடைகளின் அருமை அப்போதுதான் விளங்குகிறது. கதறி அழுது மன்னிப்புக் கேட்கிறாள். ஆனால் அது நினைவின் நிழலிடம் கேட்ட மன்னிப்பே. மகளைப் பறிகொடுத்த தாயின் செவிக்கு அது எட்டவில்லை.

மறுபிறவி நம் விசுவாசம் அன்று. மனிதர் ஒருமுறையே இறக்கின்றனர். உடலின் உயிர்ப்பையே நாம் எதிர்நோக்குகிறோம் என்று திருச்சபை கற்பிக்கிறது. இக்கதையிலோ மறுபிறவி கதாசிரியரின் ஓர் உத்தியாக நிற்கிறது. அந்த உத்தியே நம் விசுவாசத்தின் கனத்தை நமக்கு நினைவூட்டிவிடுகிறது. கற்பனை மைனுக்கு இரண்டு பிறவிகள் கிடைத்தும், முதல் தாயிடம் சொல்ல வேண்டியது சொல்லப்படாமலே போயிற்று. ஒரே வாழ்வை உடைய நாம் எதை நம்பி நாளைக்கென்று ஒத்திவைக்கிறோம்?

ஆகவே பெற்றோரே, பிள்ளையின் கையில் இந்நூலைக் கண்டால் உடனே பறித்துவிடாதீர்கள். நீங்களும் உடன் அமர்ந்து சில பக்கங்கள் படியுங்கள். மறுபிறவியைப் பற்றித் திருச்சபை கூறுவதைப் பொறுமையோடு எடுத்துரையுங்கள். பின்னர், மைன் ஏன் அழுதாள் என்று பிள்ளையிடம் கேளுங்கள். அக்கேள்விக்கு விடை தேடும் பிள்ளை, நூலை மூடிவைத்துத் தாயின் முகத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்க்கும்.