துரு முந்துவதற்கு முன்

கைவிடப்பட்ட ஆலைகள், ரயில் நிலையங்கள், துருவேறிய பாலங்கள், வண்டிகள், படகுகள் ஆகியவற்றைத் தேடிச் சென்று படமெடுப்பது ஒளிப்படக் கலையில் தனியொரு பிரிவாகவே வளர்ந்துள்ளது. தமிழகத்தில் அத்தகைய படங்களுக்கு ஏற்ற இடம் எது என்று கேட்டால், மண்டபத்தில் தொடங்கிப் பாம்பனைக் கடந்து தனுஷ்கோடி வரை நீளும் இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையைத் தயக்கமின்றிச் சுட்டலாம். இந்தியாவையும் இலங்கையையும் ஒரு காலத்தில் இணைத்திருந்த ரயில், கப்பல் பாதையின் எச்சங்கள் இங்கே கடலுக்கும் மணலுக்கும் நடுவே நாள்தோறும் கரைந்துகொண்டிருக்கின்றன. அவற்றின் அழகை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பும் படத்தைவிட, அவை எப்படிக் கட்டப்பட்டன, எப்படி இயங்கின, எப்படி அழிகின்றன என்பதைப் பிற்காலத்தவருக்குச் சொல்லும் படமே இக்கரைக்கு இன்று தேவைப்படுகிறது.

ஒரே பயணச்சீட்டில் கொழும்பு

1914ஆம் ஆண்டு பிப்ரவரி 24 அன்று பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்ட பிறகு, சென்னை எழும்பூரில் ஏறிய பயணி ரயிலிலேயே தனுஷ்கோடி வரை வந்து, அங்கிருந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டர் கடலை நீராவிக் கப்பலில் கடந்து, தலைமன்னாரில் மீண்டும் ரயிலேறிக் கொழும்பைச் சென்றடைய முடிந்தது. கப்பலோடு இணைந்து ஓடியதால் அந்த ரயிலுக்குப் 'போட் மெயில்' என்ற பெயர் மக்கள் வழக்கில் நிலைத்தது. அந்நாளில் தனுஷ்கோடியே முதன்மைப் பாதையின் முனையமாக விளங்க, இராமேஸ்வரம் பாம்பனிலிருந்து பிரியும் கிளைப்பாதையின் கடைசி நிலையமாக இருந்தது என்பதை இன்றைய பயணிகளில் பலர் அறியார். ரயில் நிலையம், சுங்க அலுவலகம், அஞ்சலகம், மருத்துவமனை, பள்ளி, தேவாலயம் என ஒரு துறைமுக ஊருக்கு வேண்டிய அனைத்தும் அந்த மணல்திட்டில் அமைந்திருந்தன.

1964ஆம் ஆண்டு டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டி வீசிய புயல் அந்த ஊரை ஓரிரவில் அழித்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்றுகொண்டிருந்த பயணிகள் ரயில், நிலையத்தை நெருங்கும் வேளையில் பேரலையில் சிக்க, அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மக்கள் குடியிருக்கத் தகுதியற்ற இடமாகத் தனுஷ்கோடியை அரசு அறிவித்ததால், ஊர் மீண்டும் எழவில்லை. பாதையும் மறுபடி போடப்படவில்லை.

உப்பு செய்யும் வேலை

இக்கரையில் படமெடுப்பவர் முதலில் அறிந்துகொள்ள வேண்டியது துருவின் இயல்பாகும். இரும்பு, நீர், உயிர்வளி ஆகிய மூன்றும் சேரும்போது துரு உண்டாகிறது. நீரில் உப்பு கரைந்திருந்தால் அது மின்னோட்டத்தை எளிதில் கடத்துவதால் இவ்வினை விரைவடைகிறது. உப்பிலுள்ள குளோரைடு, இரும்பின் மேல் இயல்பாக அமையும் மெல்லிய காப்புப் படலத்தையும் உடைத்துவிடுகிறது. அதோடு, உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால், மழையில்லாத நாளிலும் இரும்பின் மேற்பரப்பு காய்வதில்லை. துரு, தான் தின்ற இரும்பைக் காட்டிலும் பலமடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும் தன்மையுடையது. ஆகவே இரண்டு தகடுகள் சேரும் இடுக்கில் அது புகுந்தால், தறையாணியால் இறுக்கிய தகடுகளையும் மெல்ல விலக்கிவிடும். உப்புக்காற்றில் நின்ற தகட்டை அருகில் சென்று பார்த்தால், வண்ணப்பூச்சு முதலில் ஆணித் தலைகளைச் சுற்றிக் கொப்புளமாக எழும்புவதையும், கொப்புளம் வெடித்த இடத்தில் இரும்பு பழுப்பு நிறப் பொருக்குகளாக அடுக்கடுக்காக உரிவதையும் காணலாம்.

தனுஷ்கோடியில் இரும்பைவிடக் கல் நெடுநாள் நின்றதற்குக் காரணமும் இதுவே. அங்குள்ள தேவாலயச் சுவர்கள் கடலிலிருந்து எடுத்த பவளப்பாறைக் கற்களைச் சுண்ணாம்புக் காரையால் பிணைத்துக் கட்டப்பட்டவை. காலையிலோ மாலையிலோ வெயில் சுவரை உரசிக்கொண்டு சாய்வாக விழும்போது, ஒவ்வொரு கல்லிலும் பவள உயிரிகள் வாழ்ந்த நுண்ணிய குழிகள் தேனடைபோலத் தெளிவாகத் தெரிகின்றன. உச்சிவெயிலில் அதே சுவர் ஒரு சாம்பல் நிறப் பரப்பாக மட்டுமே படத்தில் பதிகிறது. கடலில் வளர்ந்த கல்லையே கடற்காற்று மீண்டும் பொடியாக்குகிறது என்னும் செய்தியைச் சொல்ல அந்தச் சாய்வொளி ஒன்றே போதும்.

நீர்த்தொட்டிகளைப் படமெடுத்த இணையர்

அழியும் தொழிற் கட்டடங்களை எவ்வாறு படமெடுப்பது என்பதற்கு உலகறிந்த இலக்கணத்தை வகுத்தவர்கள் ஜெர்மனியைச் சேர்ந்த பெர்ண்ட் பெக்கரும் ஹில்லா பெக்கரும் ஆவர். 1959ஆம் ஆண்டு முதல் அவர்கள் நீர்த்தொட்டிக் கோபுரங்கள், ஊதுலைகள், சுரங்கக் கோபுரங்கள் ஆகியவற்றை நிழல் விழாத மேகமூட்டமான நாட்களில், நேர் எதிரே நின்று, கருப்பு வெள்ளையில் பதிவு செய்தனர். ஒரே வகைக் கட்டடங்களின் படங்களை வரிசையாக அடுக்கி வைத்ததால், ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் உள்ள வேறுபாடு காண்பவருக்குத் தானே புலப்பட்டது. வெறும் பழைய இரும்பென்று ஒதுக்கப்பட்டவற்றை மதிக்கத்தக்க கட்டடக் கலையாக மக்கள் பார்க்கத் தொடங்கியதில் அவர்களது படங்களுக்குப் பெரும்பங்கு உண்டு.

இதற்கு மாறான போக்கும் உண்டு. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் மூடப்பட்ட ஆலைகளையும் 1988இல் மூடப்பட்ட மிச்சிகன் மத்திய ரயில் நிலையத்தையும் படமெடுக்க உலகெங்கிலுமிருந்து கலைஞர்கள் குவிந்தபோது, சிதைவின் கவர்ச்சியைக் காட்டும் அப்படங்களில் அந்நகரில் வாழ்ந்துகொண்டிருந்த மக்கள் காணாமற்போனார்கள் என்ற குற்றச்சாட்டு வலுவாக எழுந்தது. அந்த நிலையமோ சீரமைக்கப்பட்டு 2024இல் மீண்டும் திறக்கப்பட்டது. தனுஷ்கோடிக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். இடிபாடுகளை ஒட்டி மீனவக் குடும்பங்கள் குடிசைகளில் வாழ்கின்றன. மணலில் ஊற்றுத் தோண்டிக் குடிநீர் எடுக்கின்றன. சங்கும் சிப்பியும் விற்றுப் பிழைக்கின்றன. அவர்களை விலக்கிவிட்டு ஊரை 'ஆளற்ற ஊர்' என்று காட்டும் படம் உண்மையைச் சொல்வதாகாது.

பாம்பனில் நிற்கும் பழைய பாலம்

இக்கரையில் இன்று உடனடியாகப் பதிவு செய்யப்பட வேண்டியது பாம்பனின் பழைய ரயில் பாலமாகும். கப்பல் வரும்போது நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து இருபுறமும் உயரும் இப்பாலத்தின் அமைப்பு, அதை உருவாக்கிய பொறியாளரின் பெயரால் ஷெர்சர் தூக்குப்பாலம் எனப்படுகிறது. மின்விசையின்றி, தொழிலாளர்கள் நெம்புகோல்களைப் பிடித்துச் சுற்றியே அந்த இரும்பு இறக்கைகளை மேலெழுப்பினர். 1964 புயலில் 126 உத்திரங்கள் அடித்துச் செல்லப்பட்டபோதும் தூக்குப்பகுதி நிலைத்து நின்றது; பொறியாளர் ஈ.ஸ்ரீதரன் தலைமையில் 46 நாட்களில் பாலம் சீரமைக்கப்பட்டது. 2007இல் அகலப்பாதையாக மாறிய இப்பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில்கள் நிறுத்தப்பட்டன. 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாலத்தில், 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி பிளவுபடாமல் மின்விசையால் நேராக மேலெழுகிறது.

கடலுக்கு மேல் அருகருகே நிற்கும் இவ்விரு பாலங்களும், அவற்றுக்கு இணையாக உயரத்தில் செல்லும், 1988இல் திறக்கப்பட்ட இந்திரா காந்தி சாலைப் பாலமும், ஒரு நூற்றாண்டுப் பொறியியலை ஒரே சட்டகத்தில் காட்டும் அரிய வாய்ப்பைத் தருகின்றன. தொலைவிலுள்ளதை அருகில் இழுத்துக்காட்டும் லென்ஸைக் கொண்டு சாலைப் பாலத்தின் நடைபாதையிலிருந்தே பழைய பாலத்தின் பல உறுப்புகளைப் பதிவு செய்யலாம். சாலைப் பாலத்தில் வண்டிகள் போகும்போது நடைபாதை அதிர்வதால், முக்காலியை நம்புவதைவிடக் கேமராவின் திறப்பு நேரத்தைக் குறைத்து, அதாவது ஒளி உள்ளே புகும் நேரத்தைச் சுருக்கி எடுப்பதே தெளிவான படத்தைத் தரும். தண்டவாளத்துக்குள் இறங்குவது உயிருக்கு ஆபத்து என்பதோடு, ரயில்வே சட்டப்படி அத்துமீறலும் ஆகும். கடற்படை விமானதளம் அருகிலுள்ள உச்சிப்புளியில் இருப்பதால், முறையான அனுமதியின்றி டிரோனைப் பறக்கவிடவும் கூடாது.

அக்கரையில் அழுகும் படகுகள்

இராமேஸ்வரம் மக்களுக்குத் துரு என்பது பழங்கதை மட்டுமன்று. எல்லை தாண்டியதாகக் கூறி இலங்கைக் கடற்படை பிடித்துச் சென்ற விசைப்படகுகள் அந்நாட்டின் மயிலிட்டி, காரைநகர், ஊர்காவற்றுறை போன்ற இடங்களில் ஆண்டுக்கணக்கில் நிறுத்தப்பட்டு, பலகை உளுத்து, எஞ்சின் துருவேறிக் கிடந்தன. 2022 பிப்ரவரியில் அவற்றில் பல ஏலம் விடப்பட்டன. ஒவ்வொரு படகின் முகப்பிலும் எழுதப்பட்டிருக்கும் பதிவெண் தெளிவாகத் தெரியும்படி எடுத்த படம் ஒரு குடும்பத்தின் இழப்புக்குச் சான்றாக அமையும். வண்ணம் உரிந்த மரப்பலகையின் அழகை மட்டும் எடுத்து, எண்ணைச் சட்டகத்துக்கு வெளியே விட்டுவிட்டால் அந்தச் சான்று கிடைக்காது.

பதிவாக மாறும் படம்

ஒரு படம் ஆவணமாவதற்குச் சில எளிய பழக்கங்கள் போதும். எடுத்த நாள், இடம், நின்ற திசை, கட்டடத்தின் பயன் ஆகியவற்றைப் படத்தோடு சேர்த்து எழுதி வைக்க வேண்டும். கட்டடத்தின் உயரம் விளங்க அளவுகோல் ஒன்றைச் சட்டகத்துக்குள் வைக்க வேண்டும். ஒரே இடத்தில், ஒரே உயரத்தில், ஒவ்வோர் ஆண்டும் நின்று மீண்டும் எடுத்தால், சுவர் எவ்வளவு குறைந்தது, மணல் எவ்வளவு ஏறியது என்பது கண்முன் நிற்கும். இடிபாட்டிலிருந்து ஒரு கல்லையும் எடுத்துச் செல்லாதிருப்பதும், சுவரில் ஏறாதிருப்பதும், இறந்தோர் பலர் கிடந்த மண் இது என்ற நினைவோடு நடப்பதும் கலைஞரின் கடமையாகும். 2017இல் தனுஷ்கோடியின் கடைக்கோடியான அரிச்சல்முனை வரை சாலை வந்தபின் வருவோர் தொகை பெருகியிருப்பதால் இக்கடமை இன்னும் கூடியுள்ளது.

பழைய பாலத்தின் இரும்பை உப்புக்காற்றே தின்று தீர்க்கலாம், அல்லது மனிதர்கள் கழற்றி எடுக்கலாம்; எப்படியாயினும் அது நெடுநாள் நிற்கப்போவதில்லை. இறக்கையின் பல்சக்கரம், அதைச் சுற்றிய நெம்புகோலில் கைபட்டுத் தேய்ந்து வழவழப்பான பிடி, துரு ஊறிய ஆணித் தலைகள் ஆகிய ஒவ்வொன்றும் நாளோடும் இடத்தோடும் பதிவாகிவிட்டால், அத்தனை பெரிய பாலத்தை மனிதக் கைகள் எவ்வாறு தூக்கின என்று வருங்காலத்தில் கேட்கும் பிள்ளைக்கு இக்கரையால் விடை சொல்ல முடியும்.