பாத வளைவும் உட்கணுக்கால் தசைநார்களும்

மனிதப் பாதத்தில் 26 எலும்புகள் உள்ளன. இவை உட்புறத்தில் வில்போல் வளைந்து நின்று உடலின் எடையைத் தாங்குகின்றன. இவ்வளைவைக் குலையாமல் காப்பவற்றுள் தசைநார்கள் முதன்மையானவை. தசையை எலும்போடு பிணைப்பது தசைநாண். எலும்பை எலும்போடு பிணைப்பது தசைநார். பேச்சு வழக்கில் இரண்டையும் ஒன்றாகவே கருதிவிடுகிறோம்.

உட்கணுக்காலின் புடைப்பிலிருந்து விசிறிபோல் விரிந்து கீழிறங்குவது முக்கோணத் தசைநார். பாதம் வெளிப்புறமாகப் பிறழாமல் தடுப்பது இதுவே. இதன் வலிமை வியப்புக்குரியது. பாதம் கடுமையாகத் திரும்பும்போது, தசைநார் அறுபடாமல், அது பற்றியுள்ள எலும்பின் நுனியே பெயர்ந்துவிடுவதுண்டு. கணுக்கால் சுளுக்கு பெரும்பாலும் வெளிப்புறத்திலேயே ஏற்படுவதற்கு இவ்வலிமையும் ஒரு காரணமாகும்.

இதற்குக் கீழே, குதிகால் எலும்பையும் படகெலும்பையும் இணைப்பது ஸ்பிரிங் தசைநார். பெயர் அவ்வாறிருப்பினும் இது சுருள்வில்லைப் போல் நீண்டு சுருங்குவதன்று. கணுக்கால் எலும்பின் தலைப்பகுதியை அடியிலிருந்து ஏந்தி நிற்கும் தொட்டில் எனலாம். இது தளர்ந்தால் அத்தலைப்பகுதி கீழ்நோக்கி இறங்குகிறது. வளைவு சரிந்து பாதம் தட்டையாகிறது.

சிறுவயதுக் காலணிப் பழக்கத்திற்கும் தட்டைப் பாதத்திற்கும் தொடர்புண்டா? உதய பாஸ்கர ராவ், பெஞ்சமின் ஜோசப் ஆகிய மருத்துவர்கள் நம் நாட்டில் 4 முதல் 13 வயது வரையுள்ள 2,300 குழந்தைகளின் பாதச் சுவடுகளை ஆராய்ந்து, 1992-இல் முடிவுகளை வெளியிட்டனர். காலணி அணிந்தோரில் 8.6 விழுக்காட்டினருக்கும், அணியாதோரில் 2.8 விழுக்காட்டினருக்கும் தட்டைப் பாதம் காணப்பட்டது. விரல்களை மூடிய காலணி அணிந்தோரிடையே இது மிகுதி. தசைநார் தளர்ச்சி உடைய குழந்தைகளிடமும் அவ்வாறே. முள்ளும் கொக்கிப்புழுவும் உள்ள மண்ணில் வெறுங்காலுடன் நடக்கச் சொல்வதாக இதனைக் கொள்ளலாகாது. ஆனால் சின்னஞ்சிறு குழந்தைகளுக்கும் இறுக்கமான மூடிய காலணியைப் பள்ளிகள் கட்டாயமாக்குவது மறு ஆய்வுக்குரியது.

படைத்துறைத் தேர்வுக்குச் செல்லும் இளைஞர்களுக்கு இப்பொருள் இன்னும் நெருக்கமானது. தட்டைப் பாதம் என்றாலே தகுதியிழப்பு என்று பலர் அஞ்சுகின்றனர். நுனிக்காலில் நிற்கும்போது வளைவு மீண்டும் தோன்றி, பாதம் நெகிழ்வாகவும் வலியற்றும் இருந்து, நன்கு ஓடவும் முடியுமாயின் அதனை ஏற்பதே நம் படைத்துறை மருத்துவ வரையறை. விரல்கள் மேல்நோக்கி மடியும்போது உள்ளங்கால் சவ்வு இறுகி வளைவை உயர்த்துகிறது. எலும்புகள் ஒன்றோடொன்று இணைந்து இறுகிவிட்ட பாதத்தில் இது நிகழ்வதில்லை. விண்ணப்பிக்கும் முன்னரே வீட்டுச் சுவரோரம் நின்று எவரும் இதனைச் சோதித்தறியலாம்.