எத்தனை சோறு பதம்?

கல்லாற்றிலிருந்து எழுதும் வாசகர் ஒருவர், பொன்முடிக்கு ஏறும் 22 கொண்டை ஊசி வளைவுகளில் மூடுபனி இறங்கிவிட்டால், மேலே மினுங்குவது பேருந்தின் விளக்கா, கண்ணின் மயக்கமா என்று தெளிய நாலைந்து முறை உற்றுப் பார்க்க வேண்டியிருக்கிறதே, ரேடார் எத்தனை முறை பார்த்துத் தெளிகிறது என்று வினவியிருக்கிறார்.

பழைய முறையில், பத்துத் துடிப்புகள் என்று நிர்ணயித்துவிட்டால், ஆகாயம் சூனியமாயினும் பத்தையும் அனுப்பி, எதிரொலிகளைக் கூட்டிய பின்னரே தீர்ப்பு. தொடர்முறைச் சோதனையோ, எதிரொலி ஒவ்வொன்றும் வந்த மாத்திரத்தில், இரைச்சல் மட்டுமே இருந்தால் இது வருவதற்குள்ள சாத்தியத்தைப் போல், விமானம் இருந்தால் வருவதற்குள்ள சாத்தியம் எத்தனை மடங்கு என்று கணித்து, அம்மடங்குகளைப் பெருக்கிக்கொண்டே போகிறது. பெருக்குத்தொகை மேல் எல்லையைத் தாண்டினால் 'உண்டு'. கீழ் எல்லைக்கு இறங்கினால் 'இல்லை'. இடையே நின்றால் இன்னொரு துடிப்பு.

என் மனத்தைக் கவர்வது, அவ்விரு எல்லைகளும் சமதூரத்தில் இராமையே. 10 லட்சத்தில் ஒரு பொய் எச்சரிக்கையும், பத்து விமானங்களில் ஒன்று தப்புவதும் சகிக்கத்தக்கவை எனக் கொண்டால், 'உண்டு' என்பதற்குப் பெருக்குத்தொகை ஏறத்தாழ 9 லட்சத்தை எட்டியாக வேண்டும். 'இல்லை' என்பதற்கோ பத்தில் ஒன்றாகக் குறைந்தாலே போதும். ஆகாயத்தின் பெரும்பகுதி வெறுமையாதலால், அதனைச் சில துடிப்புகளிலேயே கடந்து, மிஞ்சிய காலத்தைச் சந்தேகத்துக்குரிய திசையில் செலவிடலாம். சுழலும் ஆண்டெனாவுக்கு இது கைகூடாது; மின்னணு முறையில் கற்றையைத் திருப்பும் நம் ராஜேந்திரா போன்ற ரேடார் வகைக்கே நின்று பார்க்கும் வசதி உண்டு.

சரித்திரம் சுருக்கமானது. 1943-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆபிரகாம் வால்ட் தொடர்முறைச் சோதனையை யுத்த ரகசியமாக உருவாக்கினார். வங்காளச் சணல் பயிரை மகாலநோபிஸ் கணக்கிட்ட முறையை இதன் முன்னோடியாக அவரே குறிப்பிட்டார். இந்தியாவுக்குச் சொற்பொழிவாற்ற வந்த அவர், 1950 டிசம்பரில் நீலகிரி மலையில் நிகழ்ந்த விமான விபத்தில் மனைவியுடன் மாண்டார்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம். முதல் பருக்கை குழைந்தால் இறக்குகிறோம், விறைத்தால் விட்டுவிடுகிறோம், இரண்டுமற்று இருந்தால் இன்னொன்றை நசுக்குகிறோம். வால்டின் சோதனையும் இதுவே. ஆனால் ரேடார் கற்றை ஒரே திசையில் நூற்றுக்கணக்கான தூரப் பிரிவுகளை ஒருசேரப் பார்ப்பது, கலியாண வீட்டில் ஒரே கோட்டையடுப்பின்மேல் நூறு பானைகளை ஏற்றியதற்கு ஒப்பாகும்; தொண்ணூற்றொன்பதும் பதம் சொல்லிவிட்ட பின்னும், நூறாவது வெந்தும் வேகாமலும் இழுத்தடித்தால், சமையற்காரர் அங்கேயே நிற்க நேரிடும். மார்கஸும் ஸ்வெர்லிங்கும் 1962-லேயே ஆராய்ந்த இடர்ப்பாடு இது. எனவே, தொடர்முறைச் சோதனையால் பாதி நேரம் மிச்சம் என்ற விளம்பரத்தை, அது ஒற்றைப் பானைக் கணக்கு என்று அறிந்தே வாசிக்க வேண்டும். எதிர்பார்த்ததினும் மெலிந்த எதிரொலி வந்தாலோ, பெருக்குத்தொகை இரு எல்லைகளுக்கும் நடுவே வெகுநேரம் ஊசலாடும். அதனால்தான் பொறியாளர்கள் துடிப்புகளுக்கு ஓர் உச்சவரம்பு வைத்து, அதை எட்டியதும் எந்த எல்லையையும் தொடாத தொகைக்கும் அங்கேயே தீர்ப்பெழுதிவிட்டுக் கற்றையை நகர்த்துகிறார்கள்.