விசைகளைப் பிடிக்கும் ஸ்கிரிப்ட்: சந்தேகங்களும் விளக்கங்களும்

நான் அழுத்தும் விசையை ஒரு ஸ்கிரிப்ட் எப்படிப் பிடிக்கிறது?

நீங்கள் அழுத்தும் விசை நேரே வேர்டுக்கோ பிரவுசருக்கோ போவதில்லை. முதலில் விண்டோஸிடம் போகிறது. எந்த விசை வந்தாலும் முதலில் தன்னிடம் காட்டும்படி ஒரு நிரல் அங்கே பதிந்துகொள்ளலாம். இதை ‘ஹுக்’ என்பார்கள். வந்த விசையை அந்த நிரல் அப்படியே விட்டுவிடலாம். விழுங்கிவிட்டு, அதற்குப் பதிலாக வேறு விசைகளையும் அனுப்பலாம். ஆட்டோஹாட்கீ என்ற இலவச மென்பொருளில் இதற்குச் சில வரிகள் எழுதினாலே போதும், அந்த வரிகள்தான் ஸ்கிரிப்ட். மூன்றெழுத்துச் சுருக்கத்தை அடித்தால் அலுவலக முகவரி முழுதும் வந்து விழும்படி செய்துகொள்ளலாம்.

தனியாக நிறுவிக்கொள்ளும் தமிழ்த் தட்டச்சுச் செயலிகள் பலவும் இப்படித்தான் இயங்குகின்றன. தமிழ்99 முறையில் ஏ, கே, கே, க்யூ என்று நான்கு விசைகளை அழுத்தினால் ‘அம்மா’ வரும். இரண்டாவது கே விழுந்ததும் முதல் ‘ம’வுக்குப் புள்ளி தானாக ஏறிவிடுகிறது. புள்ளிக்கென்று நீங்கள் எதையும் அழுத்தவில்லை, செயலிதான் அனுப்பியது. எனவே விசையைப் பிடிப்பது என்றதுமே திருட்டு வேலை என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

அப்படியானால் கடவுச்சொல்லையும் பிடிக்குமே?

பிடிக்கும். திரையில் வெறும் புள்ளிகள்தான் தெரிகின்றன என்பது இங்கே பாதுகாப்பு ஆகாது. கீலாகர் எனப்படும் உளவு நிரல்கள் இந்த வழியைத்தான் பயன்படுத்துகின்றன. ஆட்டோஹாட்கீ ஸ்கிரிப்டை நோட்பேடில் திறந்து வரிவரியாகப் படித்துப் பார்க்கலாம். அதையே இஎக்ஸ்இ கோப்பாக்கிக் கொடுத்தால் அவ்வளவு எளிதாகப் படிக்க முடியாது. முன்பின் தெரியாதவர் அனுப்பியதென்றால் தொடவே வேண்டாம். பிறர் கணினியில் அனுமதியின்றி, மோசடி நோக்கத்தோடு உளவு நிரலை வைப்பவர்மீது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 66 பாயும். மூன்றாண்டு வரை சிறை, ரூ.5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம்.

ஸ்கிரிப்ட் அனுப்பும் விசைகளைச் சில மென்பொருள்கள் மட்டும் ஏற்பதில்லையே?

அந்த மென்பொருள் நிர்வாகி உரிமையோடு திறந்திருக்கும். உங்கள் ஸ்கிரிப்ட் சாதாரண உரிமையில் ஓடிக்கொண்டிருக்கும். கீழிருப்பது மேலிருப்பதற்கு விசை அனுப்ப முடியாது. விஸ்டா காலத்தில் விண்டோஸ் வேண்டுமென்றே வைத்த தடுப்பு இது.

பைத்தான் நிரல்மொழியில் பைஆட்டோகுய் என்ற நூலகம் மூலம் தமிழ் அடித்தால் எதுவும் வருவதில்லை. ஏன்?

அதற்கு விசைப்பலகையில் உள்ள ஆங்கில எழுத்தும் குறியும்தான் தெரியும். தமிழ் வரியை கிளிப்போர்டில் ஏற்றி, கன்ட்ரோல்-வி அனுப்பச் சொல்லுங்கள். பைஆட்டோகுய் ஸ்கிரிப்ட் கட்டுமீறி ஓடினால் மவுஸைத் திரையின் மூலைக்குத் தள்ளுங்கள், நின்றுவிடும்.

வங்கிக் கடவுச்சொல்லை ஸ்கிரிப்டே அடிக்கும்படி எழுதிவைக்கலாமா?

கூடவே கூடாது. அந்தக் கோப்பை யார் திறந்தாலும் கடவுச்சொல் அப்படியே தெரியும். ஏற்கெனவே எழுதி வைத்திருந்தால் இன்றே அழித்துவிட்டு, கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள்.