எழுத வந்தவரிடம் என்ன சொல்வது?

தமிழ் வளர்ச்சிக் கழகத்தார் பெரியசாமித் தூரன் அவர்களைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியத்தை வெளியிட்டபோது, அதில் எழுதியவர்கள் தத்தம் துறையில் தேர்ந்த அறிஞர்களாக இருந்தார்கள். கையெழுத்துப் பிரதியில் அடித்தலும் திருத்தலும் எவ்வளவு நடந்திருப்பினும், அவையெல்லாம் பதிப்பகத்தின் சுவர்களுக்குள்ளேயே அடங்கிவிட, வாசகன் கையில் வந்து சேர்ந்தது முடிந்த நூல் மட்டுமே. 2003-ஆம் ஆண்டில் தோன்றி, இன்று ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளைக் கொண்டு விளங்கும் தமிழ் விக்கிப்பீடியாவின் நடைமுறையோ முற்றிலும் வேறானது. அங்கே பட்டமும் பரிந்துரையும் கேட்காமல் யாரும் எழுதலாம். எழுதியதை யாரும் திருத்தலாம். எந்த நாளில், எந்த நாழிகையில், எந்தப் பயனர் எந்தச் சொல்லைச் சேர்த்தார், எதை நீக்கினார் என்பது கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்தில் பதிவாகி, உலகத்தார் அனைவரும் காணும்படி நிலைத்துவிடும். ஆகவே, புதிதாக வந்த ஒருவரின் முதற்பிழை ஊரறியத் திருத்தப்படுகிறது. அதுவும் பெரும்பாலும் முகம் தெரியாத ஒருவரால், சில நிமிஷங்களுக்குள்.

இந்த ஏற்பாடு தற்செயலாக வந்ததன்று. ஜிம்மி வேல்ஸும் லாரி சாங்கரும் 2000-ஆம் ஆண்டில் ‘நுபீடியா’ என்ற பெயரில் முதலில் நடத்திய இணையக் கலைக்களஞ்சியத்தில், நிபுணர்கள் எழுதிய கட்டுரைகள் ஏழு கட்டப் பரிசீலனையைக் கடந்த பின்னரே வெளிவந்தன. அதனால் முதல் ஓராண்டில் தேறியவை ஏறத்தாழ இருபது கட்டுரைகளே. அந்த அனுபவத்துக்குப் பிறகே, முதலில் வெளியிட்டுப் பிறகு திருத்துவது என்னும் முறையோடு 2001 ஜனவரி 15 அன்று விக்கிப்பீடியா பிறந்தது. வாசலில் நின்று தடுத்த பரிசீலகர் இப்போது வீட்டுக்குள்ளே வந்துவிட்டார் என்பதால், அவர் வாயிலிருந்து வரும் சொல்லுக்கு முன்னைவிடப் பன்மடங்கு பொறுப்பு ஏற்பட்டிருக்கிறது.

அச்சொல் தவறிப்போனால் நேர்வது என்ன என்பதை ஆங்கில விக்கிப்பீடியாவின் சரித்திரமே காட்டுகிறது. 2007-ஆம் ஆண்டு வாக்கில் உச்சத்தை எட்டிய அதன் முனைப்பான எழுத்தாளர் தொகை அதன்பின் குறையத் தொடங்கியது. காரணத்தை ஆராய்ந்த ஆரன் ஹாஃபேக்கரும் அவருடைய சகாக்களும் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், நல்லெண்ணத்தோடு வருகிறவர்களின் விகிதம் அப்படியொன்றும் சரிந்துவிடவில்லை என்றும், அவர்களுடைய முதல் திருத்தங்கள் முன்னைவிட அதிகமாக நிராகரிக்கப்பட்டதும், தானியங்கிக் கருவிகளும் அச்சிட்டாற்போன்ற எச்சரிக்கை வார்ப்புருக்களுமே அவர்களை எதிர்கொண்டதும் அவர்கள் திரும்பி வராமைக்கு முக்கிய ஹேதுக்களாக இருந்தன என்றும் கண்டார்கள். மாதந்தோறும் முனைந்து எழுதுவோர் சில நூறு பேரைத் தாண்டாத தமிழ் விக்கிப்பீடியாவில், இப்படி ஒருவர் மனம் சலித்துப் போய்விடுவது இன்னும் பெரிய நஷ்டம் என்பதே என் உறுதியான அபிப்பிராயம்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு பள்ளி ஆசிரியை தம் ஊர் ஏரியைப் பற்றி முதன்முதலாக ஒரு கட்டுரை எழுதுகிறார். ஏரியின் பரப்பையும், மதகுகளின் எண்ணிக்கையையும், பாசனம் பெறும் ஊர்களின் பெயர்களையும் கரையில் நட்டிருக்கும் பொதுப்பணித் துறைப் பலகையைப் பார்த்து எழுதுகிறார். அதோடு, அது சோழர் காலத்தில் வெட்டப்பட்டதென்றும், காண்போர் மனத்தைக் கொள்ளைகொள்ளும் பேரழகு வாய்ந்ததென்றும் சேர்க்கிறார். முதல் விஷயம் கலைக்களஞ்சியத்துக்கு உரியது. இரண்டாவதற்கு ஆதாரம் வேண்டும். மூன்றாவது எழுதியவரின் உள்ளத்தைக் காட்டுமேயன்றி ஏரியைக் காட்டாது. கட்டுரையின் தலையில் ‘மேற்கோள் தேவை’, ‘நடுநிலை நோக்கு இல்லை’, ‘துப்புரவு தேவை’ என்று மூன்று வார்ப்புருக்களை ஒட்டிவிட்டுப் போய்விடுவது எளிது. அவற்றில் ஒன்றும் பொய்யில்லை. ஆயினும் அவற்றுள் எதுவும் அந்த ஆசிரியையிடம் பேசவில்லை. அதற்குப் பதிலாக, அவருக்குச் செய்தி இடுவதற்கென உள்ள அவருடைய பேச்சுப் பக்கத்தில் இப்படி எழுதலாம்:

“வணக்கம். ஏரியின் மதகுகளையும் ஒவ்வொன்றால் பயன்பெறும் ஊர்களையும் பிரித்துக் காட்டியிருப்பது மிகவும் உபயோகமாக இருக்கிறது. சோழர் காலத்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்குக் கல்வெட்டோ நூலோ சான்றாக உண்டா? தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளிலோ மாவட்ட கெசட்டியரிலோ கிடைக்கக்கூடும். அதுவரை அந்த வாக்கியத்தைக் கட்டுரையின் பேச்சுப் பக்கத்துக்கு மாற்றிவைத்திருக்கிறேன். சான்று கிடைத்ததும் திரும்பச் சேர்த்துவிடலாம். நீங்களே எடுத்த ஏரிப் படம் இருந்தால் சொல்லுங்கள், விக்கிமீடியாவின் படக் களஞ்சியமான பொதுவகத்தில் ஏற்றுவதற்கு உடனிருந்து உதவுகிறேன்.”

இந்தச் சில வரிகளில் பாராட்டு முதலில் நிற்பது உபசாரத்துக்காக அன்று. ‘நன்றாக எழுதியிருக்கிறீர்கள்’ என்ற பொதுப் புகழ்ச்சியால் அடுத்த கட்டுரையில் எதைத் திரும்பச் செய்வதென்று அவருக்குத் தெரியாது, ‘மதகுகளைப் பிரித்துக் காட்டியது’ என்றால் தெரியும். பேரழகு என்ற சொல்லைப் பற்றி இக்கடிதம் ஒன்றுமே கூறவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அதைக் கடிதம் எழுதியவரே ஓசையின்றி எடுத்துவிட்டு, காரணத்தை, திருத்தத்தோடு இடும் தொகுப்புச் சுருக்கத்தில் ஒரு வரியாகக் குறித்துவிடலாம், ஏனெனில் முதல் நாளிலேயே ஐந்து குறைகளைக் கேட்டவருக்கு ஐந்தில் ஒன்றும் மனத்தில் தங்குவதில்லை. நீக்கிய வாக்கியம் எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லிவிட்டதால், தம் உழைப்பு அழிந்துபோயிற்றோ என்ற திகைப்பு அவருக்கு ஏற்படாது. படத்தைக் கேட்பதோ எல்லாவற்றினும் மேலானது. அவர் ஒருவரால் மட்டுமே தரக்கூடியதை, எவ்விதிக்கும் மாறுபடாமல், அவரிடம் கேட்பதாகும் அது. மேலும், பயனர் பெயருக்குப் பின்னால் இருப்பவர் ஒன்பதாம் வகுப்பு மாணவரா, ஓய்வு பெற்ற பேராசிரியரா என்பதை அறிய வழியில்லையாதலால், யாரையும் ‘நீங்கள்’ என்றே அழைப்பது தவிர வேறு மரியாதை இவ்விடத்தில் பொருந்தாது.

குறையல்லாததைக் குறையென்று சொல்லாதிருப்பதும் இதில் சேர்ந்தது. தமிழ் விக்கிப்பீடியாவுக்கு ஆரம்ப நாட்களிலேயே அஸ்திவாரமிட்ட இ. மயூரநாதன் அவர்கள் ஈழத்தவர். இன்றும் இலங்கையிலிருந்தும் புலம்பெயர்ந்த தேசங்களிலிருந்தும் எழுதுவோர் அநேகர். ‘டொராண்டோ’வை ‘ரொறன்ரோ’ என்று எழுதியவரிடம் அது எழுத்துப்பிழை என்று சென்னையிலிருந்து ஒருவர் சொல்வாரானால், அவர் திருத்துவது பிழையையன்று, ஒரு நாட்டாரின் வழக்கையே.

இரக்கத்துக்கு இடமில்லாத ஒரு விஷயமும் உண்டு. நாளிதழின் தளத்திலிருந்தோ ஒரு நூலிலிருந்தோ வரிக்கு வரி எடுத்து ஒட்டியிருந்தால், அதைத் தாமதமின்றி நீக்கியே ஆக வேண்டும். விக்கிப்பீடியாவின் உரையை எவரும் எடுத்து, மூலத்தைக் குறிப்பிட்டு, வியாபாரத்துக்குங்கூடப் பயன்படுத்தலாம் என்று உரிமம் அளித்திருப்பதால், பிறருக்குச் சொந்தமானதை அப்படித் தானம் செய்ய நமக்கு அதிகாரமில்லை. ஆனால் நீக்குவதில் கண்டிப்பு இருந்தாற் போதும். திருட்டு என்ற வார்த்தை வேண்டாம். செய்தியை வாசித்து, மூடிவைத்துவிட்டு, சொந்த வாக்கியத்தில் எழுதி, நாளிதழின் பெயரையும் தேதியையும் அடியில் காட்டும்படி சொல்லி, முதல் பத்தியை நாமே அவ்விதம் எழுதிக் காட்டினால், அடுத்த பத்தியை அவர் எழுதுவார்.

எல்லாவற்றிலும் கடினமானது, ஏரியைப் பற்றி எழுதிய அந்த ஆசிரியை இப்படிப் பதில் எழுதும்போது வருகிறது: “எங்கள் ஊர்ப் பெரியவர்கள் எல்லோரும் சோழர் காலத்தது என்றுதானே சொல்கிறார்கள்?” வெளியிடப்பட்ட சான்று இல்லாததை ஏற்பதில்லை என்ற விதி, அச்சில் வந்தது குறைவாக உள்ள சமூகங்களைப் பாதிக்கிறது என்பது மெய். 2011-இல் அச்சல் பிரபாலா என்பவர் மலையாளம், இந்தி, தென்னாப்பிரிக்காவின் செபெடி ஆகிய மொழிகளில் வாய்மொழிச் சாட்சியங்களை ஒலிப்பதிவு செய்து மேற்கோளாக்கும் முயற்சியை நடத்திப் பார்த்ததும் இக்குறையை உணர்ந்தேதான். ஆயினும் பொது விதி மாறிவிடவில்லை. ஆகவே, விதிக்கு இந்த எல்லை உண்டென்பதை அவரிடம் மறைக்காமல் ஒப்புக்கொண்டு, கோயில் தலவரலாற்றிலோ பள்ளி ஆண்டு மலரிலோ பெரியவர்களின் கூற்று அச்சாகியிருக்குமாயின், ‘ஊர் வழக்கில் இவ்வாறு கூறப்படுகிறது’ என்று அதை மேற்கோள் காட்டிச் சேர்க்கலாம் என்று சொல்லி, மலரின் பெயர், ஆண்டு, பக்க எண் ஆகியவற்றை மேற்கோளில் எப்படி இடுவது என்பதையும் அங்கேயே ஒரு வரி எழுதிக் காட்டலாம்.