ஒரு தறியிலா, எல்லாத் தறியிலுமா?

"ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்பது முன்னோர் வாக்கு. இது ஆற்றுக்கு மட்டுமன்று, வாணிகத்துக்கும் பொருந்தும். புதிய பொருளைக் கடைக்குக் கொண்டுவருவோர்க்கு இரண்டு வழிகள் உண்டு. சில இடங்களில் மட்டும் விற்றுப் பார்த்து, பின்னர் பெருக்குவது ஒன்று. எல்லாக் கடைகளிலும் ஒரே நாளில் இறக்கிவிடுவது மற்றொன்று. இவற்றுள் எது சிறந்தது?

முதல் வழிக்குச் சான்று நம் தமிழகத்திலேயே உண்டு. 1983-ஆம் ஆண்டு கடலூரில் திரு. சி. கே. ரங்கநாதன் அவர்கள் 15,000 ரூபாய் முதலுடன் சிக் ஷாம்புத் தொழிலைத் தொடங்கினார். சிறு பாக்கெட்டுகளில் அடைத்து, தென்னாட்டுக் கிராமங்களையே முதலில் நாடினார். ஊர் ஊராகச் சென்று, சிறுவர்களுக்குத் தலை கழுவிக் காட்டினார்கள். ஐந்து காலிப் பாக்கெட்டுகளைக் கொடுத்தால் ஒன்று இலவசம் என்றார்கள். சிறுகத் தொடங்கிய அத்தொழிலே இன்று கெவின்கேர் என்னும் பெரிய நிறுவனமாக விளங்குகிறது.

இரண்டாம் வழிக்கு அமெரிக்காவைப் பார்ப்போம். 1985 ஏப்ரல் 23 அன்று கோகோ-கோலா நிறுவனம் தன் பானத்தின் சுவையை மாற்றி, பழையதை நிறுத்தியது. ஏறக்குறைய இரண்டு லட்சம் பேரிடம் புதிய சுவையைச் சோதித்த பிறகே அவ்வாறு செய்தது. ஆனால் பழையது இல்லாமற்போனால் மக்கள் எவ்வளவு வருந்துவர் என்பதை அது சரியாக எடைபோடவில்லை. எதிர்ப்பு வலுத்தது. ஜூலை 11 அன்று பழைய பானம் திரும்பி வருமென்று அறிவிக்க வேண்டியதாயிற்று. பெரிய நிறுவனம், தாங்கிக்கொண்டது.

எங்கள் ஆரணியில் நெசவாளர் தாங்க முடியுமா? புதிய டிசைன் என்றால் ஜக்கார்டுக்கு அட்டை அடிக்க வேண்டும். பட்டுக்குச் சாயம் ஏற்ற வேண்டும். ஆயிரக்கணக்கான பாவு இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைக்க வேண்டும். பாவு தறியில் ஏறிய பின் நிறத்தை மாற்ற இயலாது. ஒரு பாவில் பல சேலைகள் நெய்தாக வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் வெளியூர்க் கடைக்காரர் ஒருவர் புதிய நிறம் ஒன்றை எங்கள் தெருவின் எல்லாத் தறிகளிலும் போடச் சொன்னார். எங்கள் வீட்டுத் தறியிலும் அது ஏறியது. முதலில் போன சேலைகளே விற்கவில்லை. மீதியை அவர் எடுத்துக்கொள்ளவில்லை, கூலியும் நின்றது. பாதி நெய்த சேலையுடன் தறி சும்மா இருந்தது. அந்த மாதம் மளிகைக் கடையில் நாங்கள் கடன் சொன்னோம். முதலில் ஒரே தறியில் நெய்து பார்த்திருந்தால், இழப்பு ஒரு பாவோடு நின்றிருக்கும் அல்லவா?

எனினும் மெல்லச் செல்வதிலும் இடையூறு உண்டு. நாம் ஒரு தறியில் சோதித்துக் கொண்டிருக்கும்போதே, பிறர் அந்த டிசைனைப் பார்த்து விசைத்தறியில் மலிவாக நெய்துவிடலாம். தீபாவளியும் நமக்காகக் காத்திராது. ஆகவே பண்டிகைக்குப் பல மாதங்கள் முன்பே ஒரு தறியில் தொடங்கி, இரண்டு மூன்று கடைகளில் விற்றுப் பார்த்து, வரவேற்பு இருந்தால் உடனே பல தறிகளில் போடுவதே அறிவுடைமை.

எந்த வழியாயினும், இழப்பு வந்தால் அதை யார் சுமப்பார் என்று முதலில் கேட்போம். லாபம் கடைக்கும், இழப்பு தறிக்கும் என்றால் அது நல்ல வாணிகம் ஆகாது.